பிளே அழுத்தினால் பாட்டு ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை: இசை மென்பொருளில் ஒலி அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

இசை மென்பொருளில் சத்தம் வராதபோது பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஆடியோ செட்டிங்ஸைத் திறந்து டிரைவரை (ஒலிக் கருவியோடு கணினி பேச உதவும் சிறு மென்பொருள்) மாற்றுவது, பஃபரை (ஒருமுறைக்கு அனுப்பும் ஒலித் துண்டின் அளவு) மாற்றுவது, சாம்பிள் ரேட்டை (விநாடிக்கு எத்தனை ஒலி அளவுகள் என்பது) மாற்றுவது, எதுவும் பலிக்காவிட்டால் மென்பொருளையே அழித்து மறுபடி நிறுவுவது. ஒரு பழுதைத் தேடப் போய் மூன்று பழுதுகளைச் சேர்த்துக்கொள்ளும் வழி இது. எங்கோ கீழே, கண்ணுக்குத் தெரியாத ட்ராக்கில், ஒரு சோலோ பட்டன் (அந்த ட்ராக்கை மட்டும் கேட்கவிட்டு மற்றதை ஊமையாக்குவது) எரிந்துகொண்டிருந்திருக்கும், அவ்வளவுதான்.

ஒலி ஒரு வரிசையில் போகிறது. பதிவான ஒலித் துண்டான கிளிப் அல்லது மிடி நோட்டு (எந்த ஸ்வரத்தை வாசிப்பது என்ற கட்டளை), அந்த நோட்டை ஒலியாக்கும் இன்ஸ்ட்ருமென்ட் ப்ளக்-இன் (மென்பொருளுக்குள் சேர்க்கும் துணை மென்பொருள்), ட்ராக், பல ட்ராக்குகளைச் சேர்க்கும் குரூப் பஸ், எல்லாம் வந்து சேரும் மாஸ்டர், மென்பொருளின் அவுட்புட், டிரைவர், ஆடியோ இன்டர்ஃபேஸ் (கணினிக்கு வெளியே இணைக்கும் ஒலிப் பெட்டி) அல்லது கணினியின் சவுண்ட் கார்டு, கேபிள், ஸ்பீக்கர். வாய்க்காலில் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவதுபோல, சத்தம் எந்த இடம்வரை வந்திருக்கிறது என்று மட்டும் முதலில் கேளுங்கள். அதற்கான விடை மீட்டர்களில் இருக்கிறது.

தொடங்குமுன் ஸ்பீக்கர், ஹெட்போன் வால்யூமை நன்றாகக் குறைத்துவிடுங்கள். சத்தம் வரவில்லையே என்று எல்லாவற்றையும் முழுக்கத் திருப்பிவைத்துவிட்டு, பழுது நீங்கிய நொடியில் காதும் ஸ்பீக்கரும் அடிபடுவது நிறையவே நடக்கிறது. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு சோதிக்கவே வேண்டாம். கையில் பிடித்துக்கொண்டால் போதும்.

நான்கு சோதனைகள்

1. பிளே அழுத்துங்கள். பாட்டு ஓடும் இடத்தைக் காட்டும் பிளேஹெட் கோடு நகர்கிறதா?
2. மாஸ்டர் மீட்டர் ஆடுகிறதா? ஆடினால் எந்த அளவுக்கு? மீட்டரில் பூஜ்யம்தான் உச்சம்; மைனஸ் 20 டெசிபெலைச் சுற்றி ஆடினால் நல்ல சத்தம். மைனஸ் 60-இல் துடித்தால் அது கிட்டத்தட்ட மௌனம்தான். அதை ‘ஆடுகிறது’ கணக்கில் சேர்க்காதீர்கள்.
3. மாஸ்டர் ஆடவில்லை என்றால், தனி ட்ராக்குகளின் மீட்டர் ஆடுகிறதா?
4. சந்தேகம் இருந்தால் பாட்டில் பத்து விநாடியை வேவ் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து, வேறு பிளேயரில் திறந்து பாருங்கள். அதில் சத்தம் இருந்தால் பாட்டும் மிக்ஸரும் நலம். பழுது மென்பொருளுக்கு வெளியே, அல்லது அதன் வாசலில். அங்கும் மௌனம் என்றால் பழுது புராஜெக்ட்டுக்குள்.

மீட்டரை நம்புவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ப்ரோ டூல்ஸ், லாஜிக் ப்ரோ போன்ற இசை மென்பொருள்களில் ஃபேடருக்கு (சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் தள்ளுவது) முந்தைய அளவைக் காட்டும்படி மீட்டரை வைக்க முடியும். அப்படி இருந்தால் ஃபேடர் அடியில் கிடந்தாலும் மீட்டர் ஆடும். மீட்டரோடு ஃபேடரையும் ஒரு கண் பாருங்கள்.

கோடே நகரவில்லை

இசை மென்பொருளின் ஓட்டம் ஆடியோ டிரைவரின் கடிகாரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. டிரைவர் ‘இன்னொரு பஃபர் கொடு’ என்று கேட்கும்போதெல்லாம் பாட்டு அத்தனை சாம்பிள் முன்னே நகரும். 48,000 ஹெர்ட்ஸில் 512 சாம்பிள் பஃபர் என்றால் ஏறத்தாழ 10.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை அந்த அழைப்பு வரவேண்டும். அழைப்பே வராவிட்டால் பல மென்பொருள்களில் கோடு அசையாமல் நிற்கும், அல்லது ஒருமுறை துள்ளி நின்றுவிடும். ஆகவே கோடு நகராத பழுதுக்கு மிக்ஸரில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

முதல் சந்தேகம், டிவைஸே தேர்வாகவில்லை. இன்டர்ஃபேஸைக் கழற்றிவிட்டு மென்பொருளைத் திறந்திருந்தால் அவுட்புட் ‘நோ டிவைஸ்’ என்று மாறியிருக்கும். பிறகு செருகினாலும் சில மென்பொருள்கள் தானாகத் திரும்பாது. ஆடியோ செட்டிங்ஸில் கையால் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது, கிளாக் சோர்ஸ். இன்டர்ஃபேஸின் கன்ட்ரோல் பேனலில் கிளாக் ‘இன்டர்னல்’ என்று இருக்கவேண்டும். எஸ்பிடிஐஎஃப் அல்லது ஏடாட் (இரண்டும் டிஜிட்டல் ஒலி இணைப்பு வழிகள்) என்று வைத்திருந்து அந்த வழியில் எதுவும் இணைக்கப்படாமல் இருந்தால், இல்லாத கடிகாரத்துக்காக இன்டர்ஃபேஸ் காத்துக்கொண்டிருக்கும். மென்பொருளில் ‘எக்ஸ்டர்னல் சிங்க்’ ஆன் ஆகியிருந்தாலும் இதே கதிதான்: வெளியிலிருந்து மிடி கிளாக்கோ டைம்கோடோ வரும்வரை பிளே வேலை செய்யாது.

மூன்றாவது, வேறொரு செயலி டிவைஸைப் பிடித்து வைத்திருப்பது. ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த ஏஎஸ்ஐஓ (பேச்சில் ‘ஆசியோ’) டிரைவர் முறை, விண்டோஸின் ஒலிக் கலவையைத் தாண்டி நேரே கார்டோடு பேசுகிறது. தாமதம் குறைவதற்குக் காரணமும் அதுதான், தொல்லைக்குக் காரணமும் அதுதான். பல ஏஎஸ்ஐஓ டிரைவர்கள் ஒரு நேரத்தில் ஒரு செயலிக்கே இடம் கொடுக்கும். பிரவுசரில் வீடியோ ஓடும்போது கார்டு ஒரு சாம்பிள் ரேட்டில் பூட்டிக்கொண்டு, இசை மென்பொருள் கேட்கும் ரேட்டை மறுப்பதும் உண்டு. பிரவுசர், வீடியோ அழைப்புச் செயலி, இன்னொரு இசை மென்பொருள் எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி முயலுங்கள். அப்போது சரியானால், விண்டோஸின் டீஃபால்ட் அவுட்புட்டாகக் கணினியின் சொந்த சவுண்ட் கார்டை வைத்துவிட்டு, இன்டர்ஃபேஸை இசை மென்பொருளுக்கே விட்டுவிடுவது நிரந்தரத் தீர்வு.

தனி இன்டர்ஃபேஸ் இல்லாதவர்கள் நாடும் ஏஎஸ்ஐஓ4ஆல் பற்றியும் சொல்லவேண்டும். அது உண்மையான ஏஎஸ்ஐஓ டிரைவர் அல்ல. விண்டோஸின் சொந்த டிரைவர் மேல் போர்த்திய ஒரு உறை. அதன் பேனலில் எந்த டிவைஸ் ஆன் என்பதைத் தனியாகத் தேர்ந்தெடுக்கவேண்டும். சத்தம் வேண்டிய ஒன்றை மட்டும் ஆன் செய்து, வெப்கேம் மைக், எச்டிஎம்ஐ எல்லாவற்றையும் அணையுங்கள். சிவப்புக் குறி தெரிந்தால் வேறு யாரோ அந்த டிவைஸைப் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர்கள் இதை நிறுவவேண்டிய தேவையே இல்லை. தயாரிப்பாளரின் சொந்த டிரைவர்தான் சரி.

மாஸ்டர் மீட்டர் நன்றாக ஆடுகிறது, காதில் ஒன்றுமில்லை

நல்ல செய்தி: பாட்டு பத்திரம். சத்தம் மென்பொருளைவிட்டுக் கிளம்பி வேறெங்கோ போய்க்கொண்டிருக்கிறது.

அடிக்கடி ஏமாற்றுவது தவறான டிவைஸ். கணினியில் எச்டிஎம்ஐ வழியாக மானிட்டர் இணைத்தால் அதுவும் ஒரு ஆடியோ அவுட்புட்டாகப் பட்டியலில் சேர்கிறது. ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குப் பாட்டு அனுப்பப்பட்டுக்கொண்டிருக்கும். மென்பொருளின் ஆடியோ செட்டிங்ஸில் ‘சிஸ்டம் டீஃபால்ட்’ என்று விடாமல், டிவைஸின் பெயரையே தேர்ந்தெடுங்கள்.

டிவைஸ் சரியென்றால் அடுத்தது அவுட்புட் ஜோடி. எட்டு அவுட்புட் உள்ள இன்டர்ஃபேஸில் மாஸ்டர் 3-4-க்குப் போய்க்கொண்டிருந்து, ஸ்பீக்கர் 1-2-இல் இருந்தால் மௌனம்தான். ஏபிள்டன் லைவில் ஆடியோ செட்டிங்ஸில் உள்ள ‘அவுட்புட் கான்ஃபிக்’, க்யூபேஸில் எஃப்4 அழுத்தினால் வரும் ‘ஆடியோ கனெக்‌ஷன்ஸ்’, எஃப்எல் ஸ்டுடியோவில் மாஸ்டர் ட்ராக்கைத் தேர்ந்தெடுத்து மிக்ஸரின் வலது ஓரத்தின் அடியில் பார்க்கும் அவுட்புட் பெட்டி: இந்த மூன்றும் அதற்கான இடங்கள். க்யூபேஸில் ‘நாட் கனெக்டட்’ என்று தெரிந்தால் பழுது அதுவே. க்யூபேஸின் கன்ட்ரோல் ரூம் (நாம் கேட்கும் ஒலியைத் தனியாக அமைக்கும் பகுதி) ஆன் ஆகியிருந்தால் அதன் மானிட்டருக்கும் ஒரு போர்ட் கொடுத்திருக்கவேண்டும். இதைக் கவனிக்காமல் தவிப்பவர்கள் ஏராளம்.

இனி இன்டர்ஃபேஸ். பலவற்றில் ‘இன்புட் - பிளேபேக்’ என்று இரு முனைகளுக்கிடையே திரும்பும் குமிழ் இருக்கும். அது முழுக்க இன்புட் பக்கம் போயிருந்தால் மைக்கில் பேசுவது கேட்கும், கணினியிலிருந்து வருவது துளியும் கேட்காது. ஹெட்போனுக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனி வால்யூம் குமிழ்கள் இருப்பதையும் மறக்கவேண்டாம். கூடவே வரும் மிக்ஸர் மென்பொருள் கொண்ட இன்டர்ஃபேஸ்களில் கணினியின் பிளேபேக் சேனல்கள் எந்த அவுட்புட்டுக்கு என்பதை அந்த மென்பொருளிலும் அமைக்கவேண்டும். இசை மென்பொருள் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கும். இந்த இரண்டாவது மிக்ஸரில் ஃபேடர் கீழே இருக்கும்.

கீபோர்டின் வால்யூம் பொத்தான் வேலை செய்யவில்லையே என்று குழம்புவோருக்கு: ஏஎஸ்ஐஓ வழியில் அது வேலை செய்யாமல் இருப்பதுதான் இயல்பு. வாசாபி ஷேர்டு, டைரக்ட்சவுண்ட் போன்ற விண்டோஸின் சொந்த வழிகளில் போனால் மட்டும் விண்டோஸின் வால்யூம் மிக்ஸர் குறுக்கே நிற்கும். அப்போது இசை மென்பொருளின் பெயருக்கு எதிரே மியூட் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேபிளிலும் விசித்திரங்கள் உண்டு. இன்டர்ஃபேஸின் ஹெட்போன் துளையிலிருந்து மூன்று தொடர்பு கொண்ட ஸ்டீரியோ கேபிளை எடுத்து ஒற்றை ஸ்பீக்கரின் பேலன்ஸ்டு இன்புட்டில் செருகினால், ஸ்பீக்கர் இடது, வலது இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். நடுவில் பேன் செய்த (இரு பக்கமும் சமமாக வைத்த) குரலும் பேஸும் காணாமல் போய், ரிவெர்ப் (எதிரொலி) மட்டும் பேய்போல் கேட்கும். மோனோ பாட்டு என்றால் முழு மௌனம். குரல் மட்டும் கேட்காத பழுதுக்கு மென்பொருளைக் குறைசொல்லும் முன் இதைப் பாருங்கள்.

யுஎஸ்பி கேபிளையும் மாற்றிப் பார்க்கலாம். சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆன கேபிள்களில் தகவல் கம்பிகளே இருக்காது. இன்டர்ஃபேஸில் விளக்கு எரியும், கணினிக்கு அது தெரியாது. மின்சாரம் இல்லாத ஹப்பில் பல கருவிகளைச் செருகுவதும் ஆபத்து. யுஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3 தருவது 900. ஹப்பில் அதைத்தான் எல்லாரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

ப்ளூடூத் ஹெட்போன் தனி ரகம். அதன் மைக்கை எந்தச் செயலியாவது பயன்படுத்தத் தொடங்கினால், ஹெட்போன் பாட்டு கேட்கும் முறையிலிருந்து அழைப்பு முறைக்குத் தாவி, சாம்பிள் ரேட் பெரும்பாலும் 16,000 அல்லது 8,000 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். இசை மென்பொருள் 44,100 கேட்க, டிவைஸ் மறுக்க, சத்தம் நின்றுபோகும். அல்லது பழைய தொலைபேசிபோல் கரகரக்கும். இன்புட் டிவைஸாகக் கணினியின் சொந்த மைக்கையோ, ‘இல்லை’ என்பதையோ தேர்ந்தெடுத்தால் சரியாகும். வாசித்துப் பதிவு செய்வதற்கு ப்ளூடூத் எப்படியும் ஆகாது. நூறு மில்லி விநாடியைத் தாண்டிய தாமதம் அங்கே சாதாரணம்.

ட்ராக் ஆடுகிறது, மாஸ்டர் ஆடவில்லை

இது ரூட்டிங் பழுது, அதாவது ஒலியை எங்கே அனுப்புவது என்ற அமைப்பில் உள்ள பழுது. ட்ராக்கின் அவுட்புட் எங்கே போகிறது என்று பாருங்கள். ரீப்பரில் ட்ராக்கின் ‘ரூட்’ பொத்தானைத் திறந்தால் ‘மாஸ்டர் சென்ட்’ என்ற டிக் இருக்கும். அது போயிருந்தால் சத்தமும் போயிற்று. ஏபிள்டனில் ‘ஆடியோ டு’ பெட்டி ‘சென்ட்ஸ் ஒன்லி’ ஆகியிருக்கலாம். குரூப்புக்குள் வைத்த ட்ராக் என்றால் அந்தக் குரூப்பின் மியூட்டும் ஃபேடரும். ப்ரோ டூல்ஸில் வேறு கணினியில் செய்த செஷனைத் திறந்தால் அவுட்புட் பெயர் சாய்வெழுத்தில் மங்கித் தெரியும். இந்தக் கணினியில் அந்தப் பாதை இல்லை என்று அர்த்தம்.

பலர் யோசிக்காத காரணம் ஒன்று: ஒரே கிளிப்பின் இரண்டு நகல்கள், ஒன்றில் ஃபேஸ் தலைகீழ் (ஒலி அலையின் மேடும் பள்ளமும் இடம் மாறியிருக்கும்). இரண்டு ட்ராக் மீட்டரும் ஆடும், கூட்டினால் பூஜ்யம். ஒரு ட்ராக்கை மியூட் செய்தவுடன் சத்தம் வந்தால் காரணம் இதுதான்.

மாஸ்டரில் உள்ள ப்ளக்-இன்கள் அடுத்த குற்றவாளிகள். எல்லாவற்றையும் பைபாஸ் செய்து (தற்காலிகமாக விலக்கி), ஒவ்வொன்றாகத் திரும்ப ஆன் செய்யுங்கள். டெமோ காலம் முடிந்த ப்ளக்-இன் சில விநாடிக்கொருமுறை சத்தத்தை விழுங்கும். இன்னும் கெட்டது, பிழையுள்ள ப்ளக்-இன் எண்ணே அல்லாத ஒரு மதிப்பை வெளியே தள்ளுவது. அதை ஒருமுறை வாங்கிய ஈக்யூவோ (ஒலியின் தடிப்பு, கூர்மையைச் சரிசெய்யும் ப்ளக்-இன்) ரிவெர்ப்போ, தன் நினைவில் அதையே சுழற்றிக்கொண்டு ஊமையாகிவிடும். கெட்ட ப்ளக்-இன்னை நீக்கிய பிறகும் மௌனம் தொடர்வது இதன் அடையாளம். அதற்குப் பின்னால் வரும் ப்ளக்-இன்களையும் நீக்கிப் புதிதாகப் போடுங்கள், அல்லது புராஜெக்ட்டை மூடித் திறங்கள்.

எந்த ட்ராக்கும் ஆடவில்லை

முதலில் சோலோ. ஒரு ட்ராக்கில் சோலோ எரிந்தால் மற்றவை எல்லாம் ஊமை. எல்லாச் சோலோவையும் ஒரே அடியில் அணைக்கும் வழி பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. மேல்பட்டையில் சோலோ விளக்கு எரிகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஏபிள்டனில் அரேஞ்ச்மென்ட் கிளிப்புகள் மங்கலாகத் தெரிந்தால், செஷன் பக்கத்தில் எதையோ ஓட்டியிருக்கிறீர்கள். மேலே ஆரஞ்சு நிறத்தில் எரியும் ‘பேக் டு அரேஞ்ச்மென்ட்’ பொத்தானை அழுத்துங்கள். எஃப்எல் ஸ்டுடியோவில் பேட்டர்ன் (சிறு இசைத் துண்டு) மட்டும் எழுதிவிட்டு, அவற்றை அடுக்கும் பிளேலிஸ்ட் காலியாக இருக்கும்போது ‘சாங்’ முறையில் பிளே அழுத்தினால் ஒன்றும் கேட்காது.

ஃபேடரை மேலே தள்ளினாலும் பிளே அழுத்தியதும் தானாகக் கீழே போகிறதா? அங்கே வால்யூம் ஆட்டோமேஷன் (ஃபேடரைத் தானாக நகர்த்தும் பதிவு) எழுதப்பட்டிருக்கிறது. கையால் எத்தனை முறை தூக்கினாலும் அதுதான் ஜெயிக்கும். ஆட்டோமேஷன் கோட்டைத் திருத்துங்கள்.

மிடி ட்ராக் என்றால் விஷயம் சற்று ஆழமானது. மிடி என்பது ஒலி அல்ல, கட்டளை. இன்ஸ்ட்ருமென்ட் இல்லாத ட்ராக்கில் நோட்டுகள் எத்தனை இருந்தாலும் மௌனமே. இன்ஸ்ட்ருமென்ட் இருந்தும் வரவில்லை என்றால் இவற்றைப் பாருங்கள்:

ப்ளக்-இன்னின் திரையில் உள்ள சாவிகளை மவுஸால் அழுத்துங்கள். அங்கே சத்தம் வந்தால் நோட்டு போய்ச் சேரவில்லை. மிடி சேனல் பொருந்துகிறதா என்று பாருங்கள். ட்ராக் 2-ஆம் சேனலில் அனுப்ப, ப்ளக்-இன் 1-ஆம் சேனலில் காத்திருக்கும்.

மிடியில் நோட்டுகளோடு அளவுகளைச் சொல்லும் கன்ட்ரோலர் கட்டளைகளும் போகும்: எண் 7 வால்யூம், எண் 11 எக்ஸ்ப்ரெஷன் (வாசிப்பின் நடுவே சத்தத்தை ஏற்றி இறக்குவது). பதிவின்போது தவறி எழுதப்பட்ட ஒரு பூஜ்யம் போதும், அதற்குப் பின்வரும் எல்லா நோட்டும் ஊமையாகிவிடும். பியானோ ரோலின் (மிடி நோட்டுகளைத் திருத்தும் பக்கம்) அடிப்பகுதியில் இந்த இரண்டு பாதைகளையும் திறந்து பாருங்கள். ஆர்கெஸ்ட்ரா சாம்பிள் தொகுப்புகள் பலவற்றில் எண் 1, அதாவது கீபோர்டின் ஓரத்தில் உள்ள மாட் வீல் (சக்கரம்)தான் சத்த அளவைத் தீர்மானிக்கிறது. வீல் அடியில் இருந்தால் வயலின்கள் வாசிக்கும், கேட்காது.

நோட்டின் எல்லை இன்னொன்று. ஜெனரல் மிடி என்ற பொதுத் தர முறையில் கிக் டிரம் 36-ஆம் நோட்டில் இருக்கிறது. அந்த 36-ஐ ஏபிள்டனும் க்யூபேஸும் சி1 என்கின்றன, ரீப்பர் சி2 என்கிறது, எஃப்எல் ஸ்டுடியோ சி3 என்கிறது. வேறு மென்பொருளுக்கான குறிப்பைப் பார்த்து எழுதினால் நோட்டு ஒன்றிரண்டு ஆக்டேவ் தள்ளி, சாம்பிளே இல்லாத இடத்தில் விழும்.

சாம்பிள் கோப்புகளை வேறு டிரைவுக்கு மாற்றியிருந்தால், ப்ளக்-இன் திறக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. ‘மிஸ்ஸிங் சாம்பிள்ஸ்’ எச்சரிக்கையை மூடிவிடாமல், புதிய இடத்தைக் காட்டிக்கொடுங்கள்.

இத்தனைக்கும் விடை கிடைக்காவிட்டால் காலியான புதிய புராஜெக்ட்டில் ஒரே ஒரு ஆடியோ ட்ராக்கைத் திறந்து, டெஸ்ட் டோன் ப்ளக்-இன்னைப் போட்டு மைனஸ் 20 டெசிபெலில் 440 ஹெர்ட்ஸ் ஓடவிடுங்கள். க்யூபேஸில் டெஸ்ட்ஜெனரேட்டர், லாஜிக்கில் டெஸ்ட் ஆசிலேட்டர், ப்ரோ டூல்ஸில் சிக்னல் ஜெனரேட்டர், ரீப்பரில் டோன் ஜெனரேட்டர் கூடவே வருகின்றன. ஏபிள்டனில் ஆடியோ செட்டிங்ஸிலேயே டெஸ்ட் டோன் இருக்கிறது. டோன் கேட்டால் பழைய புராஜெக்ட்டில்தான் பழுது.

வந்து வந்து போகும் சத்தம்

வேறு ஜன்னலுக்குப் போனவுடன் சத்தம் நின்றால் அது பழுதே அல்ல. க்யூபேஸில் பின்னணியில் இருக்கும்போது டிரைவரை விட்டுவிடும் அமைப்பு உண்டு. ரீப்பரில் நிறுத்தியபின் டிவைஸை மூடும் அமைப்பு உண்டு. டிக்கை எடுத்துவிடுங்கள். சத்தம் வெட்டி வெட்டி வந்தால் பஃபரை 128-இலிருந்து 256, 512 என்று ஏற்றுங்கள். பாட்டு கேட்கிறது, பதிவு செய்யும் குரல் மட்டும் கேட்கவில்லை என்றால் விண்டோஸிலும் மேக்கிலும் பிரைவசி அமைப்பில் மைக்ரோஃபோன் அனுமதியைப் பாருங்கள். அனுமதி இல்லாத மென்பொருளுக்கு மேக் எந்தப் புகாரும் சொல்லாமல் வெறும் மௌனத்தை அனுப்பும்.

லினக்ஸில் பழுது பெரும்பாலும் இணைப்பில்தான். ஆல்சாமிக்ஸர் என்ற ஒலி அளவுச் செயலியில் ‘எம்எம்’ என்று தெரிந்தால் அந்தச் சேனல் மியூட். ‘எம்’ அழுத்தினால் திறக்கும். ஜாக் அல்லது பைப்வயர் (ஒலியைச் செயலிகளுக்கிடையே இணைக்கும் சேவைகள்) ஓடினால், இணைப்புகளைக் கோடுகளாகக் காட்டும் பேட்ச்பே செயலியைத் திறந்து மென்பொருளின் அவுட்புட்டுக்கும் கார்டுக்கும் நடுவே கோடு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

கணினி முழுவதுமே ஊமையாகிவிட்டால் ஒலிச் சேவையை மட்டும் மறுபடி தொடங்கலாம். விண்டோஸில் சர்வீசஸ் பட்டியலில் ‘விண்டோஸ் ஆடியோ’வைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட், மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரில் ‘கோர்ஆடியோடி’ என்பதைத் தேடி ஃபோர்ஸ் குவிட், அது தானாகவே திரும்ப எழும். இரண்டையும் செய்யுமுன் இசை மென்பொருளைச் சேமித்து மூடிவிடுங்கள்.

மறுபடி நிறுவுவது கடைசி. அதிலும் முதலில் டிரைவரை: இன்டர்ஃபேஸைக் கழற்றி, பழைய டிரைவரை நீக்கி, கணினியை மறுபடி தொடங்கி, புதியதை நிறுவி, அது கேட்கும்போது மட்டும் இன்டர்ஃபேஸைச் செருகுங்கள். முன்னதாகவே செருகினால் விண்டோஸ் தன் பொதுவான டிரைவரை அதற்குக் கொடுத்துவிடும். இன்டர்ஃபேஸ் பட்டியலில் தெரியும், ஏஎஸ்ஐஓ வரிசையில் மட்டும் தெரியாது.